மிஷினை மாற்றிவிடாதீர்கள்

வாட்ச் பழுதுபார்க்கும் நண்பர்களுக்கு,



தாத்தாவோ மாமாவோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கடிகாரம் ஒன்றை எப்போதாவது யாராவது உங்கள் கடைக்குக் கொண்டுவருவார்கள். டயலில் புலோவா, அக்யூட்ரான் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவையின் வடிவில் ஒரு சின்னமும் இருக்கும். பல மாடல்களில் பக்கவாட்டில் சாவி இருக்காது. முள்ளைத் திருப்புவதற்குப் பின்பக்கம் ஒரு சிறிய வளையம் மடங்கிக் கிடக்கும். சில மாடல்களில் டயலே இருக்காது. கண்ணாடிக்குள் இரண்டு செம்புச் சுருள்களும் ஒரு டிரான்சிஸ்டரும் வெளிப்படையாகத் தெரியும். கொண்டுவந்தவர் இது ஓடினால் போதும் என்பார். நீங்கள் செல் மாற்றிப் பார்ப்பீர்கள். ஓடாது. அப்போது நம் ஊரில் பெரும்பாலும் சொல்லப்படுவது ஒன்றுதான்: "மிஷினை மாற்றிவிடலாம் சார். குவார்ட்ஸ் போட்டால் பிரச்சினையே வராது."

அதைச் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது நடந்தது. கப்பலில் வேலை பார்த்த பெரியவர் அறுபதுகளில் வாங்கி வந்த அக்யூட்ரான் அது. அவர் காலமான பிறகு மகன் அதை ஒரு கடையில் கொடுத்தார். கேஸ் பளபளவென்று திரும்பி வந்தது, முள்ளும் ஓடியது. ஆனால் உள்ளே இருந்த இசைக்கவை, சுருள்கள், பல்சக்கரங்கள் எல்லாம் குப்பைக்குப் போயிருந்தன. அந்த இடத்தில் எல்லாக் கடிகாரங்களிலும் இருக்கும் சாதாரண குவார்ட்ஸ் மிஷின் உட்கார்ந்திருந்தது. மகனுக்கு விவரம் தெரியாது. கடைக்காரருக்கும் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, தன்னால் முடிந்ததைச் செய்து கொடுத்தார். ஆனாலும் எதைத் தூக்கி எறிந்தோம் என்பது இருவரில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அந்தக் கடிகாரம் பிழைத்திருக்கும். எறியப்பட்டது எப்படிப்பட்ட பொருள் என்று இங்கே எழுதுகிறேன்.

1952இல் அமெரிக்காவின் எல்ஜின் நிறுவனமும் பிரான்ஸின் லிப் நிறுவனமும் மின்சாரத்தில் ஓடும் கைக்கடிகாரத்தின் மாதிரியைக் காட்டின. புலோவாவின் தலைவர் ஆர்டே புலோவா, இதில் நமக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, சுவிட்சர்லாந்தின் பீல் நகரத் தொழிற்சாலையில் இருந்த மாக்ஸ் ஹெட்செல் என்ற இளம் பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்தார். ஹெட்செல் வாட்ச் தொழிலில் ஊறியவர் அல்லர், மின்பொறியியல் படித்தவர். சுருள்வில்லை எடுத்துவிட்டு செல்லை வைத்தாலும் பேலன்ஸ் சக்கரம் அப்படியேதான் ஆடுகிறது, ஆகவே துல்லியத்தில் லாபம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. காலத்தை அளக்கும் உறுப்பையே மாற்ற வேண்டும் என்று நினைத்தார். டிரான்சிஸ்டர் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. பேலன்ஸ் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு சிறிய இசைக்கவை, அதை அதிரவைக்க ஒரு டிரான்சிஸ்டர் சுற்று என்று அவர் யோசனை போனது. சில ஆண்டுகளில் முதல் மாதிரிகள் ஓடின. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்வதற்கேற்ற வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்ததில் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பென்னட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1960 அக்டோபரில் அக்யூட்ரான் விற்பனைக்கு வந்தது.

உங்களிடம் பேசுவதால் உள்வேலையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கவையின் இரண்டு முனைகளிலும் காந்தக் கிண்ணங்கள் இருக்கின்றன. அவை நிலையாகப் பொருத்திய சுருள்களைத் தொடாமல் சூழ்ந்து நின்று முன்னும் பின்னும் அசையும். சுருளின் ஒரு சிறு பகுதி அந்த அசைவை உணர்ந்து டிரான்சிஸ்டருக்குச் சொல்கிறது. டிரான்சிஸ்டர் சரியான நொடியில் ஒரு சிறு மின்துடிப்பைக் கொடுத்துக் கவையைத் தள்ளிவிடுகிறது. வினாடிக்கு 360 அதிர்வு. கவையின் ஒரு கையிலிருந்து முடியைவிட மெல்லிய கம்பி ஒன்று நீள்கிறது. அதன் நுனியில் உள்ள மாணிக்கக் கல் ஒவ்வோர் அதிர்வுக்கும் இண்டெக்ஸ் வீலை ஒரு பல் முன்னே தள்ளுகிறது. தட்டில் பொருத்திய இன்னொரு கல், சக்கரம் பின்னால் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சக்கரத்தின் குறுக்களவு சுமார் 2.4 மில்லிமீட்டர். அதற்குள் 300 பற்கள். ஒரு நாளில் 3 கோடியே 11 லட்சம் தள்ளல்கள், ஆண்டு முழுவதும் ஓய்வில்லாமல். கண்ணில் லென்ஸ் வைத்தே பழகிய உங்களுக்குத்தான் இந்த எண்களின் பாரம் புரியும். சாதாரண லென்ஸில் அந்தப் பற்கள் ஒழுங்காகத் தெரியவே தெரியாது.

கடிகாரத்தைக் காதருகே வைத்தால் டிக் டிக் கேட்காது. பூவுக்குள் புகுந்த வண்டுபோல ஒரே சுருதியில் ரீங்காரம் கேட்கும். வினாடி முள் தாவாது, வழுக்கிக்கொண்டே போகும். மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்று புலோவா எழுத்திலேயே உத்தரவாதம் கொடுத்தது. நாளுக்கு இரண்டு வினாடி. அந்தக் காலத்து நல்ல சாவிக் கடிகாரமே ஒரு நாளில் அதைவிட அதிகம் தவறும். அமெரிக்க ரயில்வேயில் பணிநேரத்துக்கு அணியலாம் என்று சான்று பெற்ற முதல் கைக்கடிகாரமும் இதுதான்.

இந்தச் சிறப்புகள் எல்லாம் கடையில் விற்ற கடிகாரத்துடையவை. ஆனால் அக்யூட்ரான் கடைக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே அதன் இயக்கம் விண்வெளிக்குப் போய்விட்டது. நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

1958 மார்ச் 17 அன்று அமெரிக்கா வான்கார்ட் 1 என்ற சிறிய செயற்கைக்கோளை ஏவியது. பாதரச செல்லில் ஓடிய ஒலிபரப்பி சில மாதங்களில் அடங்கியது. சூரிய மின்கலத்தில் ஓடிய இன்னொன்று 1964 வரை பேசிக்கொண்டே இருந்தது. அதன் பயன் பெரிது, ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. வெயில் இருக்கும்வரை பேசும் ஒலிபரப்பியை யார் நிறுத்துவது? வானொலி அலைவரிசை கொஞ்சம்தான் உண்டு. வேலை முடிந்த செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் அலைவரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் அடுத்து வருபவற்றுக்கு இடம் இருக்காது. மேலே அனுப்பிய பிறகு எழுந்துபோய் சுவிட்சை அணைக்க முடியாது. ஆகவே ஏவும்போதே உள்ளே ஒரு கடிகாரம் இருக்க வேண்டும். சில நூறு நாட்களை அது தானாக எண்ண வேண்டும், மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டும், ராக்கெட்டின் உதறலையும் தாங்க வேண்டும்.

இந்தத் தேவைகள் ஒவ்வொன்றுக்கும் பொருந்திய பொருள் அப்போது புலோவாவிடம் இருந்தது. கவைக்கு அச்சுமுனையில் சுழலும் வேலை இல்லை, ஆகவே அங்கே எண்ணெய் காய்ந்து இறுகும் கவலையும் இல்லை. மொத்தக் கருவியும் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சட்டை பட்டன் அளவு செல் ஓராண்டு தாங்கும். 1959 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர் 7 செயற்கைக்கோளுக்குள் அக்யூட்ரான் இயக்கத்தில் ஓடும் நேரங்காட்டி ஒன்று இருந்தது. வெர்னர் சுவோமி என்ற அறிவியலாளர் பூமி சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தையும் திருப்பி அனுப்பும் வெப்பத்தையும் விண்ணிலிருந்து அளக்கக் கருவி செய்து வைத்ததும் அதே செயற்கைக்கோளில்தான். இன்று புவி வெப்பமாதல் பற்றிப் பேசும்போது நாம் நாடும் அளவீடுகளின் தொடக்கம் அங்கே இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் மூடிக் கிடந்து நாள் எண்ணிய கவைக்கும் உங்கள் மேசைக்கு வரும் கவைக்கும் இயக்கம் ஒன்றே.

அதன்பின் மனிதர் சென்ற விண்கலங்களிலும் அது இடம் பிடித்தது. இரண்டு பேர் பறந்த ஜெமினி கலத்தில், தலைமை விமானியின் பலகையில் ஓர் அக்யூட்ரான் கடிகாரம் இருந்தது. 24 மணிநேர முகம், தனக்கென்று சொந்தமாக ஒரு செல். கலத்தின் மின்சாரம் மொத்தமாகப் போனாலும் நேரம் நிற்காது என்பதுதான் அதை அங்கே வைத்ததன் நோக்கம். பூமிக்குத் திரும்ப ராக்கெட்டை எந்த வினாடியில் எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து இறங்கும் இடம் பல மைல் மாறிவிடும். அந்த நிலையில் கடைசித் துணை என்று ஒரு கடிகாரத்தை வைப்பது சாதாரண நம்பிக்கை இல்லை.

இங்கே இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இசைக்கவைக் கடிகாரத்துக்குப் புவியீர்ப்பு ஒரு சிறு பகை. கவையின் முனைகள் மேலே பார்த்து நின்றால் அது கொஞ்சம் மெதுவாக அதிரும், கீழே தொங்கினால் கொஞ்சம் வேகமாக அதிரும். வித்தியாசம் நாளுக்குச் சில வினாடிகள்தான். மேசையில் எந்தப் பக்கம் வைத்துச் சோதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறுவதற்கு இதுதான் காரணம். எடையற்ற இடத்தில் இந்தப் பிசகு இல்லை.

நிலவுக்கும் இது போயிற்று. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 குழு அமைதிக் கடலில் இறங்கியபோது ஆல்ட்ரின் ஒரு நிலநடுக்கப் பதிவுக் கருவியை அங்கே நிறுத்தினார். சூரியத் தகடுகளில் ஓடிய அந்தக் கருவித் தொகுப்புக்குள் புலோவாவின் நேரங்காட்டி இருந்தது. பின்னால் வந்த அப்பல்லோ குழுக்கள் வைத்த அறிவியல் நிலையங்கள் சிலவற்றின் மையப் பெட்டியிலும் அதே 360 அதிர்வுக் கவை இருந்தது. பூமியிலிருந்து கட்டளை போய்ச் சேராவிட்டால் குறித்த இடைவெளியில் மாற்று ஆணை கொடுப்பது அதன் வேலை. சுமார் இரண்டு ஆண்டு முடிந்ததும் ஒலிபரப்பியை அடக்குவதும் அதன் பொறுப்பாக வைக்கப்பட்டிருந்தது. வான்கார்ட் 1 கிளப்பிய அதே கேள்விக்கு நிலவிலும் அதே பதிலைத்தான் வைத்தார்கள். அந்த நிலையங்கள் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் உழைத்தன. 1977 செப்டம்பர் 30 அன்று நாசாவே இயக்கத்தை முடித்துவைத்தது. தொழிற்சாலையில் இசைக்கவைக் கடிகாரம் செய்வதை புலோவா நிறுத்தியதும் 1977இல்தான்.

நிலவுக் கடிகாரம் என்றதும் எல்லாரும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைச் சொல்கிறார்கள். அது தவறில்லை. விண்வெளி வீரரின் கையில் கட்ட நிறுத்துகடிகார வசதி உள்ள, உறுதியான ஒன்று தேவைப்பட்டது. நாசாவின் கடும் சோதனைகளைக் கடந்து 1965இல் ஸ்பீட்மாஸ்டர் அந்தத் தகுதியைப் பெற்றது. அக்யூட்ரானில் நிறுத்துகடிகாரமே கிடையாது. ஆனால் அதனால் அக்யூட்ரானின் பங்கு மறைந்துபோனதுதான் எனக்கு வருத்தம். கையில் கட்டியது புகைப்படத்தில் தெரியும், பெட்டிக்குள் உழைத்தது தெரியாது. இன்னொரு குழப்பமும் உண்டு. அப்பல்லோ 15இல் டேவிட் ஸ்காட் தன் ஒமேகாவின் கண்ணாடி கழன்றுவிட்டதால் மூன்றாம் நிலவு நடையில் ஒரு புலோவாவை அணிந்தார். 2015இல் அது 16 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அது சாவி கொடுக்கும் இயந்திரக் கடிகாரம், அக்யூட்ரான் இல்லை. யாராவது "இதுதானே நிலவில் கட்டிய வாட்ச்?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். நிலவின் தரையில் நின்ற அறிவியல் கருவிகளுக்குள் இதன் உறவுக்காரன் இன்னமும் இருக்கிறான் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தத் தொழில்நுட்பத்தின் ஆயுள் குறுகியது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ தன் அஸ்ட்ரான் குவார்ட்ஸ் கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அதன் படிகம் வினாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. அதன்பிறகு சில்லுகள் மலிய, குவார்ட்ஸ் மலிவாகி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போனது. பதினேழு ஆண்டுகள் மட்டுமே செய்யப்பட்ட, பல லட்சம் பேர் கட்டிய, இனி யாரும் முன்போலச் செய்யப்போவதில்லாத ஒன்று இது. இதற்குப் புதிய உதிரிப் பாகம் தேடினால் பெரும்பாலும் இன்னொரு பழைய அக்யூட்ரானிலிருந்துதான் வரவேண்டும். அதனால்தான் நீங்கள் எறியும் ஒவ்வொரு மிஷினும் எங்கோ இருக்கும் இன்னொரு கடிகாரத்தின் உயிரையும் எடுத்துக்கொண்டு போகிறது.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். ஓடாத அக்யூட்ரான்கள் எல்லாமே செத்தவை அல்ல. முதலில் செல்லைப் பாருங்கள். இது 1.35 வோல்ட் பாதரச செல்லுக்காகச் செய்யப்பட்டது. பாதரச செல் இப்போது கிடைப்பதில்லை. அதன் இடத்தில் போடும் சில்வர் ஆக்சைடு செல் 1.55 வோல்ட். கூடுதல் அழுத்தத்தில் கவை அதிகமாக வீசி ஆடும். மாணிக்கக் கல் ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பற்களைத் தள்ளிவிடும். கடிகாரம் தறிகெட்டு ஓடும். அதைப் பார்த்து மிஷின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கெடவில்லை. அழுத்தத்தை ஒரு சிறு டயோடு வைத்துக் குறைக்கலாம், அதற்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்யும் செல்களும் உண்டு. இல்லாவிட்டால் உருப்பெருக்கியின் கீழ் கல்லின் நிலையைச் சரிசெய்து 1.55 வோல்ட்டுக்கே பழக்கலாம். கடைசி வழிக்குப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். ஏற்கெனவே அக்யூட்ரான் பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ரீங்காரம் கேட்கிறது, முள் நகரவில்லை என்றால் சுற்று உயிரோடு இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சக்கரங்களில் அழுக்கோ கல்லின் நிலையோதான் காரணம். ரீங்காரமே இல்லையென்றால் சுருளில் கம்பி அறுந்ததா என்று பாருங்கள். அந்தக் கம்பி மிக மெல்லியது. ஸ்குருடிரைவர் ஒருமுறை சறுக்கினால் சுருள் போய்விடும். பல அக்யூட்ரான்கள் சாவது பழுதால் அல்ல, இப்படி அவசரத்தில் திறப்பதால்தான். கவையின் கிண்ணங்கள் வலுவான காந்தங்கள் என்பதால் மேசையில் கிடக்கும் இரும்புத் துகள் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு துகள் இடைவெளியில் சிக்கினாலும் கவை நின்றுவிடும். காந்தம் ஒட்டாத சாமணத்தை எடுங்கள், மேசையைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். இண்டெக்ஸ் வீலின் விளிம்பைச் சாமணத்தால் தொடவே தொடாதீர்கள். வளைந்த பல்லை யாராலும் நிமிர்த்த முடியாது.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், கூலி கட்டாது என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயம்தான். ஐம்பது ரூபாய்க்குச் செல் மாற்றிக் கொடுக்கும் கடையில் அரை நாள் ஒரே கடிகாரத்தோடு உட்கார முடியாது. ஆகவே கூலியைக் கூட்டிக் கேளுங்கள். அக்யூட்ரான் என்னவென்று தெரிந்தவர் கொடுப்பார். தெரியாதவருக்கு இந்த மடலில் உள்ளதைச் சொல்லுங்கள், அவரும் கொடுப்பார் என்றே நம்புகிறேன். தாத்தாவின் கடிகாரத்தைத் தேடி எடுத்து உங்கள் கடைவரை கொண்டுவந்தவர், மணி பார்க்க மட்டும் வந்தவர் அல்லர். மணி பார்க்க அவரிடம் போன் இருக்கிறது.

முடியாது என்று தோன்றினால் முடியாது என்றே சொல்லிவிடுங்கள். பழைய செல் உள்ளே கசிந்து அரித்துவிடாமல் அதை மட்டும் எடுத்துவிட்டு, மூடியை இறுக்கி, மிஷினோடு அப்படியே திருப்பிக் கொடுங்கள். வேறொருவர் ஒருநாள் அதைப் பார்க்கட்டும். வாடிக்கையாளரே வற்புறுத்தி குவார்ட்ஸ் கேட்டால்கூட, எடுத்த மிஷினைச் சிறிய டப்பாவில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாமென்றால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சுருளும் கவையும் இண்டெக்ஸ் வீலும் தனித்தனியாகவும் மதிப்புள்ளவை. அடுத்த ஊரில் ஒருவர் அவற்றைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

உங்களில் மூத்தவர்கள் சிலர் எழுபதுகளிலேயே இதைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். கல்லின் நிலையை எந்த அளவில் வைக்க வேண்டும், எந்த எண்ணெயை எங்கே எவ்வளவு தொட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் விரலுக்குத் தெரியும், தமிழில் எங்கும் எழுதப்படவில்லை. கடையில் உதவிக்கு நிற்கும் பையனையோ பெண்ணையோ அடுத்த அக்யூட்ரான் வரும்போது பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதியும் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைகளுக்கு வந்துபோகும் ஒரு வாடிக்கையாளர்